டோசிமீட்டரைச் சரியாக அணிவது எப்படி? அணுமின் நிலையத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும் ஒவ்வொருவர் மார்பிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேட்ஜ் இருக்கும். உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் அது. அதை எப்படி அணிய வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். மனத்தில் உள்ள கேள்விகள் அங்கே வெளிவருவதில்லை. உடை மாற்றும் அறை வாசலில், வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கு நிதானமாகச் சொல்ல விரும்பிய பதில்களும் இங்கே உள்ளன.

டோசிமீட்டர் அணிந்திருந்தால் கதிர்வீச்சு என்னைத் தாக்காதா?

தாக்கும். பேட்ஜ் எதையும் தடுப்பதில்லை. உங்கள் உடல் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்பதை எழுதி வைப்பது மட்டுமே அதன் வேலை. தடுப்பதற்கு இருப்பவை மூன்று: கதிர்வீச்சு வரும் மூலத்தின் அருகில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது, தூரத்தைக் கூட்டுவது, இடையில் ஈயமோ கான்கிரீட்டோ தண்ணீரோ வைப்பது.

அப்படியானால் எதற்கு அதை அணிய வேண்டும் என்று சிலர் உடனே கேட்பார்கள். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சூடுகூட இல்லை. இன்று வேலை செய்த இடம் நேற்றைவிட மோசமா என்பதை உடல் உங்களுக்குச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தச் சின்னப் பெட்டிதான். சாட்சி தவறான இடத்தில் நின்றிருந்தால் சாட்சியமும் தவறாகிவிடும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒன்றைச் சுற்றியே போகின்றன.

ஏன் இரண்டு கருவிகள் தருகிறார்கள்? ஒன்று போதாதா?

இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. பேட்ஜ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் டிஎல்டி அல்லது ஓஎஸ்எல் வகை. டிஎல்டியில் லித்தியம் ஃப்ளூரைடு, கால்சியம் சல்பேட் போன்ற படிகப் பொருள் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அதன் ஆற்றலில் ஒரு பகுதி படிகத்துக்குள் சிறைப்பட்டுவிடும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளியேறும். அந்த ஒளியை அளந்து டோஸை, அதாவது உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவை, கணக்கிடுகிறார்கள். ஓஎஸ்எல்லில் அலுமினியம் ஆக்சைடு இருக்கும். சூட்டுக்குப் பதில் பச்சை நிற ஒளியைப் பாய்ச்சினால் நீல ஒளி வெளிப்படும். இரண்டிலும் பேட்டரி இல்லை, திரை இல்லை, ஒலி இல்லை. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆய்வகம் படித்துச் சொல்லும்வரை அது வாய் திறக்காது. பெரும்பாலான நிலையங்களில் சட்டப்படியான பதிவு இதிலிருந்துதான் எழுதப்படுகிறது.

மின்னணு டோசிமீட்டர் அந்த நிமிடமே பேசும். இதுவரை எவ்வளவு டோஸ், இப்போது எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதைத் திரையில் காட்டும். எல்லை தாண்டினால் அலறும். முன்னது உங்கள் வாழ்நாள் கணக்கு. பின்னது இன்றைய வேலைக்கான எச்சரிக்கை. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட்டுப் போகக் கூடாது.

உடம்பில் எந்த இடத்தில் அணிய வேண்டும்?

கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவில், உடலின் முன்பக்கம், மார்புப் பகுதியில். இது யாரோ மேசையில் உட்கார்ந்து நினைத்து வைத்த விதி என்று எண்ண வேண்டாம். முழு உடல் டோஸ் என்று பதிவேட்டில் எழுதப்படும் எண், நெஞ்சுக்கூட்டின் முன்பக்கத்தில் தோலுக்கு 10 மில்லிமீட்டர் ஆழத்தில் எவ்வளவு படும் என்ற கணக்கு. நுரையீரல், வயிறு, எலும்பு மஜ்ஜையின் பெரும்பகுதி ஆகியவை இந்தப் பகுதியிலேயே இருப்பதால், பொதுவாக இந்த ஓர் இடத்தின் அளவை முழு உடலுக்கும் பிரதிநிதியாக எடுத்துக்கொள்ளலாம். பேட்ஜ்களை அளவுத்திருத்தம் செய்யும்போதும் உடல் போன்ற ஒரு பிளாஸ்டிக் அல்லது தண்ணீர்க் கட்டியின் முன்பக்கத்தில் வைத்தே செய்கிறார்கள். மார்பை விட்டு வேறு இடத்துக்கு மாற்றியவுடன் அந்தக் கணக்கின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறுகள் மூன்று. கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. அங்கே சாவிக்கொத்தும் நாணயமும் பேட்ஜின் மேல் கிடக்கும். இடுப்பு வாரில், அதுவும் பக்கவாட்டில் மாட்டுவது. மூன்றாவது, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று முதுகுப் பக்கம் தள்ளிவிடுவது. மூன்றாவதுதான் மிக மோசம். மனித உடலே ஒரு நல்ல கவசம், பெரும்பாலும் தண்ணீர். முன்னால் இருக்கும் குழாயிலிருந்து வரும் காமா கதிர் உங்கள் உடலைக் கடந்து முதுகுக்குப் போவதற்குள் பாதிக்கும் கீழே குறைந்துவிடலாம். நெஞ்சு வாங்கியது ஒன்று, முதுகில் தொங்கிய பேட்ஜ் எழுதியது வேறொன்று.

பேட்ஜின் எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும்? திரும்பிவிட்டால் என்ன ஆகும்?

பெயரோ எண்ணோ சாளரமோ இருக்கும் முன்பக்கம் வெளியே பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் படிகங்கள் எல்லாம் ஒரே மாதிரி மூடப்பட்டவை அல்ல. ஒன்றுக்கு முன்னால் உலோக வடிகட்டி இருக்கும், இன்னொன்றுக்கு முன்னால் பிளாஸ்டிக், வேறொன்றுக்கு முன்னால் கிட்டத்தட்ட எதுவுமே இல்லாத திறந்த சாளரம். மூன்றும் காட்டும் அளவுகளை ஒப்பிட்டுத்தான், வந்தது ஊடுருவும் காமாவா, தோலோடு நின்றுவிடும் பீட்டாவா, குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிரா என்று ஆய்வகம் கண்டுபிடிக்கிறது. தோல் டோஸை 0.07 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கணக்கிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் திறந்த சாளரத்திலிருந்தே வருகிறது.

பேட்ஜ் திரும்பிக் கிடந்தால் அந்த ஒப்பீடு குலைந்துவிடும். பேனா, அடையாள அட்டை, மின்னணு டோசிமீட்டர் ஏதேனும் சாளரத்தை மறைத்தாலும் அதே கதைதான். பீட்டா கதிருக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையே சுவர் போன்றது.

கழுத்துக் கயிற்றில் தொங்கவிடலாமா?

அலுவலகத்துக்குச் சரி. கட்டுப்பாட்டுப் பகுதியில் வேலை செய்யும்போது கயிறு மட்டும் போதாது. கிளிப்பால் உடையோடு பிணைத்துவிடுங்கள்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பம்பு அறையில் வால்வு ஒன்றின் பேக்கிங்கை மாற்றுபவர் குனிந்து நிற்கிறார். கயிற்றில் இருந்த பேட்ஜ் நெஞ்சை விட்டு முன்னால் தொங்கி, வால்வின் மேல் கிட்டத்தட்ட இடிக்கிறது. எரிச்சலுடன் அதை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போடுகிறார். வேலை முடியும்வரை அது அங்கேயே கிடக்கிறது. முதல் சில நிமிடம் நெஞ்சு வாங்காத டோஸை அது எழுதியது. அடுத்த அரை மணி நேரம் நெஞ்சு வாங்கியதை எழுதாமல் விட்டது. சிறிய மூலமாக இருந்தால் தூரம் இரண்டு மடங்காகும்போது டோஸ் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஒரு சாண் தள்ளித் தொங்குவதுகூடக் கணக்கை எந்த அளவுக்கு மாற்றும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பாதுகாப்பு உடைக்கு உள்ளே அணிவதா, வெளியே அணிவதா?

உங்கள் நிலையத்தின் பணி அனுமதிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முடிவு. பொதுவான வழக்கம் இப்படி இருக்கும்: கதிரியக்கத் தூசு, கசிவு நீர் போன்ற மாசு உள்ள இடமானால் பேட்ஜை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்பக்கம் வெளியே பார்க்கும்படி அணிவார்கள் அல்லது மேலுடைக்கு உள்ளே வைப்பார்கள். மாசு பேட்ஜின் மேலேயே ஒட்டிக்கொண்டால் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் அது வாசலில் பேட்ஜ் மாட்டும் ராக்கில் இருந்தபடி டோஸ் வாங்கிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த எண்ணிலிருந்து உங்களுடையதைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு.

மின்னணுக் கருவியை உள்ளே வைத்தால் திரையைப் பார்க்க முடியாது, ஒலியும் மங்கும். அதனால் பல நிலையங்களில் மேலுடையில் அதற்கென்றே ஒளி ஊடுருவும் பை தைத்திருப்பார்கள். அந்தப் பை இருந்தும் பயன்படுத்தாமல், திரையைப் பார்ப்பதற்காக மாசுப் பகுதிக்குள் உடையைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஈய ஏப்ரன் அணியும் வேலையாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போக வேண்டாம். ஏப்ரனுக்கு உள்ளே ஒன்று, வெளியே கழுத்தருகே ஒன்று என இரண்டு பேட்ஜ் தேவைப்படலாம்.

இரண்டு கருவிகளையும் அருகருகே அணிய வேண்டுமா?

ஆம், அருகருகே, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று கூடாது. ஒரே இடத்தில் இருந்தால்தான் பின்னால் இரண்டின் எண்களையும் ஒப்பிட முடியும்.

மின்னணுக் கருவியின் பக்கத்தில் வாக்கி டாக்கியோ கைபேசியோ வேண்டாம். வலுவான மின்காந்த அலை சில கருவிகளில் இல்லாத டோஸைக் காட்டிவிடும். வெல்டிங் செய்யும் இடத்திலும் இது நடக்கலாம். கருவியை இரும்பில் இடித்துக்கொண்டாலும் எண் திடீரென்று குதிக்கலாம். ஆனால் இதைக் காரணமாக வைத்து அலாரத்தை நீங்களாகவே ஒதுக்கிவிடக் கூடாது. ஏன் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

அலாரம் அடித்தால் என்ன செய்வது? சில நேரம் சும்மாவே அடிக்கிறதே?

கையிலுள்ள வேலையைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். டோஸ் வேக அலாரமானால் வந்த வழியே பின்வாங்குங்கள். ஒலி நின்ற இடத்தில் நின்று கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவை அழையுங்கள். மொத்த டோஸ் அலாரமானால் பகுதியை விட்டே வெளியேறுங்கள். உடன் வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள். அது உண்மையா பொய்யா என்ற விசாரணை வெளியே வந்த பிறகு நடக்கட்டும்.

2011 மார்ச் 24 அன்று, சுனாமி தாக்கிய சில நாளில், ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் நடந்ததை ஒவ்வொரு புதிய தொழிலாளிக்கும் சொல்கிறேன். மூன்றாம் அலகின் டர்பைன் கட்டடத்தின் அடித்தளத்தில் மூன்று பேர் மின்கம்பி பதித்துக்கொண்டிருந்தார்கள். தரையில் சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. முந்தைய நாள் அந்த இடத்தை அளந்தபோது டோஸ் வேகம் குறைவாகவே இருந்தது. அன்று அவர்களுடைய டோசிமீட்டர்கள் அலறின. கருவியில்தான் கோளாறு என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தத் தண்ணீர் உருகிய எரிபொருளைத் தொட்டு வந்த, கடும் கதிரியக்கம் கொண்ட தண்ணீர். மூவரின் கருவிகளும் 170 மில்லி சீவர்ட்டுக்கு மேல் காட்டின (டோஸின் அலகு சீவர்ட்; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி சீவர்ட்). இருவர் அணிந்திருந்தது கணுக்கால் உயரக் காலணி. தண்ணீர் உள்ளே புகுந்து பாதத்தை நனைத்தது. பீட்டா கதிர்த் தீப்புண் ஏற்பட்டிருக்கலாம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பாதத் தோலின் டோஸை 2 முதல் 3 சீவர்ட் என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

கருவி சரியாகவே வேலை செய்தது. நேற்றைய அளவை நம்பியதால் இன்றைய கருவியை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுனாமி அடித்த நிலையத்தில், உறக்கமில்லாமல், நாட்டையே காக்கும் வேலையில் இருந்தார்கள். ஆனால் வழக்கமான ஒரு பராமரிப்பு நாளில் உள்ள நமக்கு அந்தச் சூழ்நிலையின் நெருக்கடி இல்லை. பின்வாங்கிக் கேட்பதற்கு நேரம் உண்டு.

சத்தம் மிகுந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், காதடைப்பான் போட்ட பிறகு அலாரம் கேட்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். அதிரும் வகைக் கருவியும் காதில் மாட்டும் ஒலிப்பானும் இருக்கின்றன; கேட்டு வாங்குங்கள்.

என் கால் தண்ணீரில் இருந்தால் அல்லது தலைக்கு மேல் ஹாட் ஸ்பாட் (கதிர்வீச்சு மிகுந்த புள்ளி) இருந்தால் மார்புப் பேட்ஜ் போதுமா?

போதாது. மேலே சொன்ன சம்பவத்திலேயே பாருங்கள்: மார்பு 170 சொச்சம் மில்லி சீவர்ட் காட்டியபோது பாதத்தின் தோல் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வாங்கியிருந்தது. மார்பில் உள்ள பேட்ஜுக்குக் கால் தெரியாது.

கதிர்வீச்சு ஒரே சீராக இல்லாத இடங்களில் கூடுதல் பேட்ஜ் அணிய வேண்டும். நீராவி உண்டாக்கும் ஸ்டீம் ஜெனரேட்டரின் அடிக்கலனுக்குள் ஊர்ந்து போகும் வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கதிர்வீச்சு வரும் குழாய்த்தகடு தலைக்கு நேர் மேலே இருக்கும். அதனால் தலை, மார்பு, முதுகு, மேல்கை, தொடை என்று பல இடங்களில் தனித்தனிப் பேட்ஜ் கட்டி அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் எந்த உறுப்புக்கு உரியது என்று எழுதியிருக்கும். இடம் மாற்றிக் கட்டிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். கட்டி முடித்ததும் உதவியாளர் ஒருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

எந்த உறுப்பு மூலத்துக்கு மிக அருகில் வரும் என்பதை வேலைக்கு முந்தைய கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள். எப்படிக் குனிவீர்கள், எங்கே சாய்வீர்கள், எந்தக் கையை உள்ளே விடுவீர்கள் என்பது அளவுமானி பிடிப்பவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மோதிர டோசிமீட்டரை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

படிகம் மூலத்தைப் பார்க்க வேண்டும். பொருளைக் கையில் பிடித்து வேலை செய்பவருக்கு அது உள்ளங்கைப் பக்கம். நகை மோதிரம்போல் புறங்கையில் அணிந்தால் விரலின் சதையும் எலும்பும் நடுவில் வந்துவிடும். அதிகம் புழங்கும் கையில் அணியுங்கள். கையுறைக்கு உள்ளே இருக்கட்டும். வேலை முடிந்து கையுறையை உருவும்போது மோதிரமும் சேர்ந்து கழன்று கழிவுப் பையில் விழுவது அடிக்கடி நடப்பதுதான். உருவியதும் விரலைப் பாருங்கள்.

நியூட்ரான் பேட்ஜ் உடலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

இயங்கிக்கொண்டிருக்கும் உலையின் கட்டடத்துக்குள் போகும்போது நியூட்ரான் இருக்கலாம். அதை அளக்கும் பேட்ஜ்களில் ஒரு வகை, நேராக வரும் நியூட்ரானைவிட உங்கள் உடலில் பட்டு வேகம் தணிந்து திரும்பி வரும் நியூட்ரானையே அதிகம் அளக்கிறது. அதாவது உங்கள் உடலும் அந்தக் கருவியின் ஒரு பாகம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் விலகித் தொங்கினாலும் அளவு குறைந்துவிடும். வாரோ பட்டையோ போட்டு இறுக்கி அணியுங்கள்.

நாங்கள் நாலு பேர் ஒன்றாகவே வேலை செய்கிறோம். ஒருவர் அணிந்தால் போதாதா?

போதாது. ஒருவர் வால்வருகே, ஒருவர் ஏணியில், ஒருவர் கருவிப்பெட்டியருகே, ஒருவர் வாசலில். நால்வரின் டோஸும் நாலு விதமாக இருக்கும்.

ஃபுகுஷிமாவிலேயே இதுவும் நடந்தது. அங்கிருந்த சுமார் 5,000 டோசிமீட்டர்களில் சுனாமிக்குப் பிறகு 320 மட்டுமே மிஞ்சின. மார்ச் மாத இறுதிவரை பல குழுக்களில் ஒருவர் மட்டுமே கருவி அணிந்து உள்ளே போனார்கள். உடன் போன மற்றவர்களின் டோஸை அவருடைய எண்ணை வைத்து மதிப்பிட வேண்டியிருந்தது. கருவியே கிடைக்காத பேரிடரில் வேறு வழியின்றி செய்தது அது. ராக்கில் உங்கள் பெயரில் பேட்ஜ் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த நிலைக்கு நீங்களாகவே போய்ச் சேர வேண்டுமா?

அவசரத்துக்கு நண்பருடைய பேட்ஜை அணியலாமா?

ஒருபோதும் கூடாது. உங்கள் டோஸ் அவர் கணக்கில் ஏறும். உங்கள் பெயரில் பூஜ்யம் இருக்கும். இரண்டு பேருடைய பதிவும் ஒரே நாளில் கெட்டுப்போகும்.

ஆண்டு வரம்பை நெருங்கிவிட்டேன். பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தால் என்ன?

இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பதில்லை. சுற்றி வளைத்துக் கேட்பார்கள். பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. வரம்பு நிறைந்துவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதனால் கூலி போய்விடலாம். இந்தப் பயத்தைத் தொழிலாளியின் அலட்சியம் என்று தட்டிக்கழிப்பது நியாயமில்லை.

2011 டிசம்பரில் ஃபுகுஷிமாவில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் நிர்வாகி, டோசிமீட்டர்கள் மேல் ஈயத் தகட்டு மூடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எண் குறைவாகக் காட்டினால் ஆட்கள் இன்னும் கொஞ்ச காலம் வேலை செய்யலாம் என்பது அவர் கணக்கு. 2012 ஜூலையில் இது செய்தித்தாளில் வெளிவந்தது. சில மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்த ஈயம் டோசிமீட்டரைத்தான் மூடியது. அதன் பின்னாலிருந்த நுரையீரலையும் எலும்பு மஜ்ஜையையும் எதுவும் மூடவில்லை.

பேட்ஜ் கழற்றி வேலை செய்தவருக்குப் பின்னாளில் நோய் வந்து, அது தொழிலால் வந்ததா என்று கேள்வி எழுந்தால், அவர் கையில் இருக்கும் ஒரே ஆவணம் அவருக்கு எதிராகவே பேசும். உங்கள் மேற்பார்வையாளரே கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவிடமும், தேவையானால் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் சொல்லுங்கள். வரம்பை நெருங்கியவருக்குக் கதிர்வீச்சு குறைந்த இடத்தில் மாற்று வேலை தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதை உரிமையோடு கேளுங்கள்.

சரி, அந்த வரம்புதான் எவ்வளவு?

பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை: தொழிலாளிக்கு ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்தத் தனி ஆண்டிலும் 50க்கு மேல் கூடாது. தோலுக்கும் கை கால்களுக்கும் ஆண்டுக்கு 500. கண் வில்லைக்கு முன்பு 150 என்று இருந்ததை 2011 ஏப்ரலில் 20 ஆகக் குறைத்தார்கள்; குறைந்த டோஸிலும் கண்புரை வரலாம் என்று தெரியவந்ததே காரணம். நாட்டுச் சட்டங்கள் இதிலிருந்து சற்று மாறும். அமெரிக்காவில் முழு உடலுக்கு ஆண்டுக்கு 50. இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரி 20, ஒரே ஆண்டில் 30. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: இயற்கையிலிருந்து மட்டும் உலக மனிதர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் பெறுகிறார்.

வேலை முடிந்ததும் பேட்ஜை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

வேண்டாம். வெளியேறும் வாசலில் உள்ள ராக்கில், உங்கள் எண்ணுள்ள இடத்திலேயே மாட்டிவிட்டுப் போங்கள். அந்த ராக்கில் யாருமே அணியாத ஒரு கட்டுப்பாட்டுப் பேட்ஜ் இருக்கும். அது வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சை எல்லோருடைய எண்ணிலிருந்தும் ஆய்வகம் கழிக்கும். உங்கள் பேட்ஜ் வேறெங்கோ இரவைக் கழித்தால் அந்தக் கழித்தல் பொருந்தாது.

வெயிலில் நிறுத்திய காரின் முகப்பில் வைப்பது இன்னொரு தவறு. டிஎல்டியைப் படிப்பதே சூட்டால்தான் என்று மேலே சொன்னேன். அதிகச் சூடு பட்டால் சேமித்த தகவலின் ஒரு பகுதி படிப்பதற்கு முன்பே கசிந்துவிடும். ஓஎஸ்எல் படிகத்துக்கு ஒளி ஆகாது. உறை உடைந்தால் உடனே மாற்றி வாங்குங்கள். விமான நிலையத்தின் பெட்டிச் சோதனை எக்ஸ் கதிரில் போனால் நீங்கள் வாங்காத டோஸ் உங்கள் பெயரில் ஏறும்.

சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். தொலைந்தே போனால்?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: மறைக்காமல் உடனே சொல்லுங்கள். உள்ளே இருக்கும்போது காணவில்லை என்று தெரிந்தால் வேலையை நிறுத்தி வெளியே வாருங்கள். உங்கள் மின்னணுக் கருவியின் எண், கூட வேலை செய்தவர்களின் எண்கள், அந்த இடத்தின் டோஸ் வேகம், நீங்கள் இருந்த நேரம் ஆகியவற்றை வைத்து டோஸை மதிப்பிடுவார்கள். அன்றே சொன்னால் எங்கே நின்றீர்கள், எத்தனை நிமிடம் என்பது நினைவில் இருக்கும். மூன்று வாரம் கழித்துச் சொன்னால் மதிப்பீடு வெறும் ஊகமாகிவிடும். துவைத்த பேட்ஜையும் தூக்கி எறியாமல் கொடுங்கள். பல நேரங்களில் அதிலிருந்தும் ஏதேனும் படித்தெடுக்கிறார்கள்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கப்போகிறேன். பேட்ஜ் அணியலாமா?

அணியக் கூடாது. நோயாளியாக நீங்கள் பெறும் கதிர்வீச்சு தொழில் கணக்கில் சேராது. சாதாரண எக்ஸ் கதிர், சிடி ஸ்கேன் முடிந்ததும் உடலில் எதுவும் தங்காது. மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வரலாம். கதிரியக்க மருந்தை ஊசியாகவோ மாத்திரையாகவோ தரும் பரிசோதனை வேறு மாதிரி. இதயத்துக்கும் எலும்புக்கும் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும்; தைராய்டுக்குத் தரும் அயோடின்-131 பாதியாக எட்டு நாள் ஆகும். மருந்து மறையும்வரை உங்கள் உடலே மூலம். உங்கள் பேட்ஜ் உங்களையே அளக்கும். வாசலில் உள்ள கண்காணிப்புக் கருவியும் கத்தும். முன்கூட்டியே பாதுகாப்புப் பிரிவிடம் சொல்லிவிட்டால் எப்போது திரும்பலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.

கர்ப்பமாக இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அறிவித்த பிறகு மீதமுள்ள கர்ப்ப காலம் முழுவதற்கும் கருவின் டோஸ் 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை அமைக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. மார்புப் பேட்ஜோடு அடிவயிற்றிலும் ஒன்று தருவார்கள்.

பேட்ஜில் பூஜ்யம் என்று வந்திருக்கிறது. அப்படியானால் நான் எதுவுமே வாங்கவில்லையா?

வெளியிலிருந்து, அளக்கக்கூடிய அளவுக்கு எதுவும் வாங்கவில்லை என்று பொருள். மூச்சிலும் வாயிலும் காயத்தின் வழியாகவும் உள்ளே போனதைப் பேட்ஜ் அறியாது. கனநீர் உலைகளில் டிரிட்டியம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அது விடும் பீட்டா கதிர் மிகப் பலவீனமானது. தோலின் மேற்படலத்தையே தாண்டாது, பேட்ஜின் சாளரத்தையும் தாண்டாது. ஆனால் நீராவியாக மூச்சில் போனாலும் தோல் வழியாக ஊறினாலும் உடல் நீரோடு கலந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கச் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றே நடைமுறை வழி. காமா விடும் துகள்கள் உள்ளே போயிருந்தால் முழு உடல் எண்ணி என்ற கருவியில் உட்கார வைத்து அளப்பார்கள். சிறுநீர் மாதிரி கொடுக்கச் சொன்னால் நாள் கடத்தாதீர்கள்; உடல் அதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், தாமதிக்கத் தாமதிக்கக் கணக்கு மங்கிப்போகும்.

மின்னணுக் கருவி ஒன்று சொல்கிறது, பேட்ஜ் வேறு சொல்கிறது. எதை நம்புவது?

சிறிய வித்தியாசம் இயல்பு. பேட்ஜின் படிகமும் மின்னணுக் கருவியின் சிலிக்கானும் எல்லா ஆற்றலுக்கும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. பெரிய வித்தியாசம் வந்தால் விசாரிப்பார்கள், முதல் கேள்வியே "இரண்டையும் எங்கே அணிந்திருந்தீர்கள்?" என்பதாக இருக்கும். உண்மையைச் சொல்லுங்கள். டிஎல்டியை ஒரு முறை சூடாக்கிப் படித்தவுடன் அதிலிருந்த தகவல் பெரும்பாலும் அழிந்துவிடும். மறுபடி படித்துச் சரிபார்க்க வாய்ப்பில்லை. உங்கள் வார்த்தைதான் மிச்சம்.

என் டோஸ் பதிவை நான் பார்க்கலாமா? வேறு நிலையத்துக்குப் போனால் அது என்ன ஆகும்?

பார்க்கலாம், அது உங்கள் உரிமை. பன்னாட்டு அணுசக்தி முகமையின் அடிப்படைப் பாதுகாப்புத் தரத்தின்படி, தொழிலாளியின் பதிவை அவருக்கு 75 வயது ஆகும்வரை, அதோடு வேலையை விட்டு 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்த வேலையில் நிலையம் மாறி மாறிப் போகிறவர்கள் ஒவ்வோர் இடத்தை விடும்போதும் எழுத்தில் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டு, பிறந்த தேதி, வேலை செய்த காலம், பேட்ஜ் எண் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஏதேனும் ஒரு மாதத்துக்கு எண்ணே இல்லாமல் கோடு போட்டிருந்தால், ஏன் என்று கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.